அடிபட்ட காடையைக் காப்பதா, அறுப்பதா? பண்ணையாளர் முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு

காலையில் கொட்டகையைத் திறந்ததும் தீவனத் தட்டை நோக்கி ஓடி வர வேண்டிய காடைகளில் ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி கூண்டின் மூலையில் நின்றால், மற்ற வேலைகளை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் அதைக் கையில் எடுக்க வேண்டும். உச்சந்தலைத் தோல் கிழிந்திருக்கலாம்; கம்பி வலையில் சிக்கிய கால் முறிந்திருக்கலாம்; இரவில் பூனை கூண்டுக்குள் கையை விட்டிருக்கலாம். எதுவாயினும் நாம் செய்யக்கூடியவை மூன்றுதான்: சிகிச்சை செய்து காப்பாற்றலாம், இறைச்சிக்காக உடனே அறுக்கலாம், வலியை நீட்டாமல் கொன்று புதைக்கலாம். பெரும்பாலான பண்ணைகளில் இந்த மூன்றில் எதுவும் நடப்பதில்லை. “சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்” என்று அதைக் கூண்டிலேயே விட்டுவிடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் மற்றக் காடைகள் அந்தக் காயத்தைக் கொத்திக் கொத்திப் பெரிதாக்கியிருக்கும். காலையில் காப்பாற்றியிருக்கக்கூடிய பறவை மாலையில் காப்பாற்ற முடியாததாகியிருக்கும்.

ஒரு காடையின் விலை, அதை மருத்துவரிடம் கொண்டுபோய்வரும் செலவுக்குக்கூட ஈடாகாது என்பதை நான் அறிவேன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கணக்கு முடிந்தபின் ஒரு முடிவும் எடுக்காமல் பறவையைத் துடிக்க விடுவதுதான் தவறு. காப்பாற்றக் கட்டுப்படியாகாது என்றால், அன்றே, அந்த நேரத்திலேயே அதன் வலியை முடித்துவைக்கும் கடமை வளர்ப்பவருக்கு உண்டு.

நம் பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. 1970களில் அமெரிக்காவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்கு ஆராய்ச்சிக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடை பலருக்கும் பழக்கமான இனம். நான்கைந்து வாரத்தில் இறைச்சிக்குத் தயாராகி, ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் இந்தப் பறவை எத்தனை தலைமுறை கூண்டில் வாழ்ந்தாலும் வேட்டையாடப்படும் பறவையின் குணத்தை விடவில்லை. மிரண்டால் ஓடாது, நின்ற இடத்திலிருந்து அம்புபோல் நேர் மேலே எழும்பும். காட்டில் அதன் உயிரைக் காத்த அந்தப் பாய்ச்சல்தான் கூண்டில் அதன் மண்டையை உடைக்கிறது. இன்னொரு குணத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். இரையாக வாழ்ந்த இனம் என்பதால் வலியை வெளியே காட்டாமல் மறைக்கும். காடை சோர்ந்து நிற்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அது மறைக்கும் நிலையைக் கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை எளியவை. காடையின் முதுகு உள்ளங்கையில் படியும்படி எடுத்து, இரண்டு இறக்கைகளும் உடலோடு மூடியிருக்க, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தளர்வாக இருக்கும்படி பிடிக்க வேண்டும். நெஞ்சை ஒருபோதும் இறுக்கக் கூடாது. பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். பயத்தில் இறுக்கிப் பிடித்தே காடையைக் கொன்றவர்கள் உண்டு.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து மூன்று நான்கு நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். நகமோ இறகின் அடித்தண்டோ உடைந்து கசிந்தால் சோளமாவை அந்த இடத்தில் அப்பி அழுத்தினால் நின்றுவிடும். 180 கிராம் எடையுள்ள ஒரு காடையின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டிதான். நம் கண்ணுக்குச் சில சொட்டாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு.

இரத்தம் நின்றதும் காற்றோட்டத்துக்கு ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, அதில் பறவையை விட்டு மூடி, சந்தடி இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 28 முதல் 30 டிகிரி வெப்பம் இருக்குமாறு வெளியே ஒரு குண்டு பல்பை எரியவிடலாம். வெப்பம் அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். அதிர்ச்சியில் இருக்கும் பறவையின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். அரை மணி நேரம் இருட்டும் கதகதப்பும் அமைதியும் போதும். அந்த அரை மணி நேரத்தில் பாதிக் காடைகள் தாமாகவே எழுந்து நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பறவை பெட்டியில் இருக்கும் நேரத்தில் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இது காயம்தானா, நோயா என்ற கேள்விக்கு விடை கூட்டத்தில்தான் கிடைக்கும். கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்னுக்குச் சாய்ந்த காடையைப் பார்த்ததும் தலையில் அடிபட்டதாகவே தோன்றும். வெள்ளைக்கழிச்சல் நோயிலும் அதே முறுக்கு வரும். சில வைட்டமின்களின் குறைபாட்டிலும் வரும். குஞ்சின் கால் விரல்கள் உள்நோக்கி மடிந்திருந்தால் அது முறிவாக இருப்பதைவிட ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) குறைபாடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தீவனத்தைச் சரிசெய்தால் தொடக்க நிலையில் குணமாகும். ஒரு காடை மட்டும் துன்பப்படுகிறது, உடலில் காயமும் தெரிகிறது என்றால் அது காயம். பல காடைகள் ஒரே நேரத்தில் சோர்ந்திருந்தாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, காரணம் தெரியாமல் அடுத்தடுத்து இறந்தாலோ, எதையும் அறுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது, வேறு கொட்டகைக்கு மாற்றவும் கூடாது. உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால் இந்த இடத்தில் தயக்கமே கூடாது.

காயம்தான் என்று உறுதியானபின் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்க்க வேண்டும். உச்சந்தலையில் தோல் கிழிந்து வெள்ளையாக மண்டையோடு தெரிவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் எலும்பு உடையாமல், பறவை நின்றுகொண்டு தலையை நேராக வைத்திருந்தால், அது நன்றாகவே ஆறக்கூடிய காயம். கண்ணைப் பார்க்கும்போது இரண்டு கருவிழிகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா, மூக்கிலோ காதிலோ இரத்தம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு கண் போனாலும் தீவனத் தட்டைக் கண்டுபிடித்துத் தின்னும் காடை வாழும். அலகின் கீழ்ப்பகுதி முறிந்து தொங்கினால் அது தின்ன முடியாது. அடுத்து வயிறு. தோல் கிழிந்து குடல் வெளியே தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை, முடிவு அங்கேயே தெளிவு. எச்சவாயில் சிவந்த சதை பிதுங்கியிருந்தால் முட்டையிடும்போது கருப்பாதை வெளியே வந்திருக்கிறது. மற்றவை அதைக் கொத்திக் குடலையே உருவிவிடும் என்பதால் அந்தக் கணமே பிரிக்க வேண்டும்.

இறக்கையையும் காலையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் தவறாக முடிவெடுப்பது இங்கேதான். இறக்கை தொங்குவதைக் கண்டதும் “இனி இது தேறாது” என்று கழித்துவிடுகிறார்கள். நொண்டுவதைக் கண்டால் “நடக்கத்தானே செய்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள். காட்டுப் பறவைக்கு இந்தக் கணக்குச் சரி. பண்ணைக் காடைக்கு இது தலைகீழ். அது வாழ்நாளில் பறக்கப் போவதில்லை. இறக்கை கோணலாகக் கூடினாலும் தின்று, குடித்து, முட்டையிட்டு வாழ ஒரு தடையும் இல்லை. ஆனால் இரண்டு கால்களில் நிற்க முடியாத காடை தன் எச்சத்திலேயே படுத்துக் கிடக்கும், நெஞ்செலும்பின் மேல் புண் வரும், கூட்டத்தால் மிதிபடும். ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: நிற்கிறதா, கொத்தித் தின்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் காப்பாற்றும் பக்கம் போகிறேன். இரண்டுக்கும் இல்லை என்று அரை மணி நேர ஓய்வுக்குப் பின்னும் தெரிந்தால் தாமதிப்பதில்லை.

ஒரு காலில் முழங்கணுவுக்குக் கீழே, தோல் கிழியாமல் முறிந்திருந்தால் காக்கலாம். எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, தொடையெலும்பு உடலையொட்டி முறிந்திருந்தாலோ வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு கால்களும் உணர்வின்றிப் பின்னால் இழுபட்டால் தண்டுவடம் போய்விட்டது. விரலிடுக்கை மெல்லக் கிள்ளிப் பார்த்தால் காலை இழுத்துக்கொள்கிறதா என்பது தெரியும். இழுக்காவிட்டால் அந்தப் பறவையை வைத்திருப்பது நம் மன ஆறுதலுக்காகவே இருக்கும், அதன் நலனுக்காக இராது.

இனி சிகிச்சை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் காயத்தின் மேல் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அதன்பின் போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினிக் கரைசலை வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்விட்டுத் தடவலாம். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பை அப்பினால் இறகு ஒட்டிக்கொண்டு உடல் வெப்பம் போய்விடும். வீட்டில் மனிதருக்கு வைத்திருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அவற்றின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியாவில் ஏறக்குறைய அழித்தேவிட்டது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. வலிக்கும் தொற்றுக்கும் என்ன மருந்து, எத்தனை துளி என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கிழிந்த உச்சந்தலைத் தோலைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பழைய இடத்துக்கு இழுத்துப் பொருத்தி, தனியாக வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஒரு முட்டைக் காடைக்கு நெற்றியிலிருந்து பிடரிவரை தோல் கழன்று, உலர்ந்த சருகுபோல் பின்னால் சுருண்டு கிடந்தது. கழுவியபோது அது துள்ளவில்லை. என் கட்டை விரலைத் தன் அலகால் மெல்லப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்காம் நாள் காயத்தின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்புத் தோல் உள்நோக்கி வளரத் தொடங்கியது. பதினெட்டாம் நாள் முள்போன்ற புது இறகுக் குருத்துகள் தெரிந்தன.

காலுக்குக் கட்டுப்போட, இந்த எடையுள்ள பறவைக்கு ஒட்டுப் பிளாஸ்திரியே போதும். காலை இயல்பான மடிப்பில் வைத்து, இரண்டு பட்டைகளை இரு பக்கமும் ஒட்டி, அவற்றின் ஓரங்களைக் காலோடு சேர்த்து அழுத்தினால் அது தட்டையான ஒரு கவசமாகிவிடும். இறக்கையை மடித்த நிலையில் உடலோடு சேர்த்துத் தன்மேலேயே ஒட்டும் கட்டுத்துணியால் சுற்றலாம். கால்களும் எச்சவாயும் வெளியே இருக்க வேண்டும், மூச்சுவிட நெஞ்சு அசைய இடம் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வைத்தால் மூட்டு இறுகிவிடும்.

பூனை கடித்த காடையை மட்டும் வெளிக்காயத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. மேலே ஒரு புள்ளியளவு துளைதான் தெரியும், ஆனால் அதன் எச்சிலில் உள்ள கிருமி ஒன்றிரண்டு நாளில் இரத்தத்தில் கலந்து பறவையைக் கொன்றுவிடும். இதை நான் கற்றது ஒரு தவறால். இறகுக்குள் இரண்டு சிறு துளைகள் மட்டுமே இருந்ததால் மஞ்சள் தடவி விட்டுவிட்டேன். அன்று மாலைவரை அது நன்றாகத் தின்றது, மூன்றாம் நாள் விடியற்காலையில் விறைத்துக் கிடந்தது. பூனைக் கடிக்கு அன்றே மருத்துவர் தரும் எதிருயிரி (ஆன்டிபயாடிக்) மருந்து வேண்டும். கிடைக்காது என்றால் அன்றே முடித்துவிடுவது நல்லது.

தனிப்பெட்டியில் வைத்த காடைக்கு ஈ மொய்க்காமல் வலை போட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். தண்ணீரை ஆழமில்லாத மூடியில் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவர வேண்டும். வளர்ந்த காடை ஒரு நாளில் 25 கிராம் அளவுக்குத் தீவனம் எடுக்கும். துணிக்கு மேல் விரித்த தாளில் திடமான எச்சம் இல்லாமல் பச்சை நிறத் துளிகள் மட்டும் கிடந்தால் அது தின்னவில்லை. 180 கிராம் பறவை 150 கிராமுக்கு இறங்கிவிட்டால் நம் முதல் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நாள் அது. தொடங்கும்போதே “மூன்று நாள் பார்ப்பேன்” என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. கெடு இல்லாத சிகிச்சை, பறவையின் வேதனையை நம்மையறியாமல் நீட்டித்துவிடும்.

இறைச்சிக்கு அறுக்கலாமா என்ற கேள்விக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. காயம் சற்று முன் பட்டதாக இருக்க வேண்டும், அதுவரை பறவை நலமாக இருந்திருக்க வேண்டும், விலக்குக் காலம் (மருந்து கொடுத்தபின் இறைச்சியையும் முட்டையையும் உண்ணாமல் ஒதுக்க வேண்டிய நாட்கள்) முடியாத எந்த மருந்தும் அதன் உடலில் இருக்கக் கூடாது. எப்போது அடிபட்டது என்று தெரியாவிட்டால் கன்றிய தோலின் நிறம் சொல்லும். கோழியினத்தில் அடிபட்ட சில நிமிடத்தில் சிவப்பாகத் தெரியும் கன்றல், அரை நாளில் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகி, ஒரு நாளில் பச்சை கலக்கத் தொடங்கும். பச்சையைக் கண்டால் சமையலுக்கு வேண்டாம். புதிய காயமாயின் கன்றிய பகுதியையும் அதைச் சுற்றியுள்ள சதையையும் வெட்டியெறிந்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். பூனையோ கீரியோ கடித்தது, புண் பழுத்தது, தானாகச் செத்தது ஆகிய எதுவும் உணவாகாது. விலையைக் குறைத்து அடுத்தவர் தலையில் கட்டுவதும் கூடாது. இஸ்லாமியர் உண்பதற்கானால் பறவை உயிரோடு இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட வேண்டும். கழுத்தை முறித்துக் கொன்றபின் அறுத்துக் கொடுப்பது அவர்களை ஏமாற்றுவதாகும். எதிருயிரி மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் விலக்குக் காலம் முடியும்வரை அதன் முட்டையையும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

காப்பாற்ற முடியாது, உணவுக்கும் ஆகாது என்றால் முடித்துவைக்க வேண்டும். இதைப் பற்றி வெளிப்படையாக எழுதத் தயங்குவதால்தான் பலர் நீரில் அமுக்குவது, வெயிலில் வீசுவது போன்ற கொடுமைகளைச் செய்கிறார்கள். காடையைப் போன்ற சிறு பறவைக்குக் கழுத்தை நொடியில் விலக்குவதே தகுந்த முறை. ஒரு கையால் உடலை இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, மறு கையின் விரல்களைத் தலைக்குப் பின்னே வைத்து, தலையை உடலிலிருந்து விலக்கி இழுத்தவாறே பின்னோக்கி மடக்க வேண்டும். ஒரே அசைவு, தயக்கமில்லாத அசைவு. மண்டையோட்டுக்கும் கழுத்தெலும்புக்கும் இடையே இடைவெளி விழுந்ததை விரல் உணரும். அதன்பின் ஓரிரு நிமிடம் இறக்கை படபடக்கும். அது நரம்பின் துடிப்பு. உயிர் இருப்பதன் அறிகுறி அல்ல. கண்மணியைத் தொட்டால் இமை அசையாமல், மூச்சு நின்றிருந்தால் உயிர் பிரிந்துவிட்டது. முதன்முறை செய்பவர், ஏற்கெனவே இறந்த காடை ஒன்றில் இதை அனுபவமுள்ளவரிடம் பழகிக்கொள்ள வேண்டும். உயிருள்ள பறவையில் அரைகுறையாகச் செய்து பழகக் கூடாது. கை நடுங்குகிறவர் வேறொருவரை அழைப்பதில் வெட்கமில்லை. இறந்த உடலைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும்.

“பாவம், பறந்து போகட்டும்” என்று வயலில் விட்டுவிடுவதை இரக்கம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூண்டில் பிறந்த காடைக்கு இரை தேடவும் பருந்துக்கு ஒளியவும் தெரியாது. அடிபட்ட காடை ஓர் இரவைக் கடப்பதே அரிது. அது பிழைத்தாலும் நல்லதில்லை. வேட்டைக்காக ஐரோப்பாவில் அவிழ்த்துவிடப்பட்ட ஜப்பானியக் காடைகள் அங்குள்ள காட்டுக் காடையோடு கலந்து கலப்பினம் உண்டாக்கியிருக்கின்றன. மேலும் பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கவனம் வேண்டும்: வயலில் அடிபட்டுக் கிடக்கும் காட்டுக் காடை, கவுதாரி, மயில் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளவோ அறுக்கவோ கூடாது. வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

குணமான காடையைத் திரும்பக் கூட்டத்தில் சேர்ப்பது கடைசிக் கட்டம். புண்ணில் சிவப்பு முற்றிலும் மறைந்து இறகு மூடும்வரை சேர்க்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் காடை கொத்தும். இரண்டு மூன்று நாள் வலைத் தடுப்புக்கு அப்பால் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, பிறகு விளக்கு அணைந்த இரவு நேரத்தில் சேர்க்கலாம். சேவல் ஒன்றுக்குப் பெட்டை இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். குறைந்தால் பெட்டைகளின் பிடரி மீண்டும் கிழியும்.

அதற்கு முன் கூண்டைப் பார்க்க வேண்டும். கூரை ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில் இருந்தால் காடை வேகமெடுத்துப் பாய இடமிருக்காது. ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் தலை முட்டாது. இடைப்பட்ட உயரம்தான் ஆபத்து. மாற்ற முடியாவிட்டால் கூரைக்கு அடியில் மெல்லிய நைலான் வலையைத் தொய்வாகக் கட்டிவிடலாம். நான் சொன்ன அந்த முட்டைக் காடையின் கூண்டைத் தடவிப் பார்த்தபோது, கூரையின் கம்பி முனை ஒன்று கீழ்நோக்கி வளைந்து, அதில் மூன்று இறகுகள் உலர்ந்த இரத்தத்தோடு ஒட்டியிருந்தன. குறட்டால் அந்த முனையை மேலே மடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.